தனிச்செல் மரபணு அளவீடு: துளியா, தட்டா, திசு வெட்டா?

ஒரே திசுவில் பக்கத்துப் பக்கத்து செல்கள்கூட ஒரே மரபணுவை ஒரே அளவில் வெளிப்படுத்துவதில்லை. திசுவை மொத்தமாகக் கரைத்து ஆர்என்ஏவை (இயங்கும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலை) அளந்தால் சராசரிதான் கிடைக்கும். அதில் என்ன தொலைந்துபோகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அயனோசைட். சுவாசக்குழாயின் உள்தோலில் 100 செல்லுக்கு ஒன்று என்ற அளவில்கூட இல்லாத இந்தச் செல் வகையை 2018-இல் இரண்டு குழுக்கள், செல்களை ஒவ்வொன்றாக அளந்து, தனித்தனியே கண்டுபிடித்தன. நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணு, செல் ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால், அதில்தான் மிக அதிகமாக வெளிப்படுகிறது.

அப்படிப்பட்ட அரிய செல்லைத் தேடினால் துளி முறைதான். எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்துளிக்குள் ஒரு செல்லும், எந்தச் செல்லின் ஆர்என்ஏ என்று அடையாளம் காட்டும் குறியீட்டு மணி ஒன்றும் சேர்ந்து அடைபடும் (பல துளிகள் செல் இல்லாமல் காலியாகவே இருக்கும்), ஆயிரக்கணக்கான செல்களை ஒரே ஓட்டத்தில் அளந்துவிடலாம். ஆனால் செல்லில் உள்ள எம்ஆர்என்ஏவில் (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவில்) சிறு பங்குதான் பிடிபடும், அதுவும் பெரும்பாலும் அதன் ஒரு முனை மட்டும். அதனால் ஒரு செல்லில் ஒரு மரபணுவுக்குப் பூஜ்யம் வந்தால், அது நிஜமாகவே அணைந்திருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஸ்மார்ட்-சீக்2 என்ற தட்டு முறை இதற்கு நேர் எதிர். தட்டில் குழிக்கு ஒரு செல், எம்ஆர்என்ஏவின் முழு நீளமும் படிக்கலாம், ஒரே மரபணுவின் ஆர்என்ஏ எப்படியெல்லாம் வெட்டி ஒட்டப்படுகிறது என்பதுவரை தெரியும். செல்லுக்கு ஆகும் செலவு அதிகம், அதனால் எண்ணிக்கை குறையும். என்ன செல் தேவை என்று முன்பே தெரிந்து, அதைப் பிரித்தெடுக்கவும் முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை, திசுவை நொதி போட்டுப் பிரித்தாக வேண்டும். அந்த அலைக்கழிப்பிலேயே ஃபாஸ், ஜுன் போன்ற, செல் நெருக்கடியில் இயங்கும் மரபணுக்கள் கிளம்பிவிடும், கொழுப்புச் செல்கள் உடைந்தே போகும். உறைந்த திசு என்றால் செல்லை விட்டுவிட்டு உட்கருவை மட்டும் எடுத்து அளக்கலாம், பல நேரம் அதுவே போதும்.

அப்புறம் மெர்ஃபிஷ் மாதிரி, திசுவின் வெட்டுத்துண்டிலேயே ஆர்என்ஏவை நுண்ணோக்கியில் எண்ணும் முறைகள். முன்கூட்டித் தேர்ந்தெடுத்த மரபணுக்கள் மட்டுமே தெரியும், எதிர்பாராத ஒன்று கண்ணில் படாது. ஆனால் எந்தச் செல் எங்கே இருக்கிறது என்பது அப்படியே நிற்கும். வெட்டில் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதும் சிஎஃப்டிஆர் கதையிலேயே இருக்கிறது: 2021-இல் மனித சுவாசக்குழாயில் தனிச்செல் அளவீட்டோடு திசு வெட்டுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, செல் ஒன்றுக்கான கணக்கில் அயனோசைட் முன்னால் நின்றாலும் மொத்த சிஎஃப்டிஆரில் பெரும்பங்கு சுரப்புச் செல்களுடையது என்று தெரிந்தது.

என் தேர்வு: முதலில் துளி, பிறகு அதில் கிடைத்ததைத் திசு வெட்டில் சரிபார்ப்பது. ஆனால் நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிடுகிறீர்கள் என்றால், இரண்டு பேரிடமிருந்து பத்தாயிரம் செல் எடுத்தாலும் உங்கள் மாதிரி எண்ணிக்கை இரண்டுதான். அந்தக் காசில் நிறையப் பேரின் திசுவை மொத்தமாக அளப்பது எவ்வளவோ மேல்.