பெடல் ஸ்டீல் கிட்டார்: ஒற்றைக் கழுத்தா, இரட்டைக் கழுத்தா, 12 தந்தியா?

கால்கள் பொருத்தி மேசை போல நிறுத்தி, தந்திகளின் மேல் எஃகு உருளையை வழுக்கி, பெடல்களாலும் முழங்காலால் தள்ளும் லிவர்களாலும் சுருதியை மாற்றி வாசிக்கும் கருவி பெடல் ஸ்டீல் கிட்டார். அதை வாங்க விரும்புபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த நிறுவனத்தின் கருவி என்பதை அன்று, எந்தச் சுருதியமைப்பு, அதாவது எந்தத் தந்தி எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்பதையே. சாதாரணக் கிட்டாரின் சுருதியை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். இங்கோ தந்திகளின் தடிமன், உடலின் அடியில் ஓடும் இழுகம்பிகள், பெடல்கள், முழங்கால் லிவர்கள் ஆகிய அனைத்தும் ஒரு குறிப்பிட்ட சுருதியமைப்பை மனத்தில் கொண்டே பொருத்தப்பட்டிருக்கும். இன்று கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை: இ9 (E9) என்ற சுருதியமைப்பில் 10 தந்திகள் கொண்ட ஒற்றைக் கழுத்து எஸ்-10, இ9 கழுத்தோடு சி6 (C6) என்ற அமைப்பின் கழுத்தும் சேர்ந்த இரட்டைக் கழுத்து டி-10, இரண்டையும் ஒரே கழுத்தில் அடக்க முயலும் 12 தந்தி யுனிவர்சல்.

முதல் கருவியாக வாங்குபவருக்கு என் பரிந்துரை, மூன்று பெடல்களும் குறைந்தது நான்கு முழங்கால் லிவர்களும் உள்ள எஸ்-10. விலை குறைவு என்று ஒரே லிவருடன் வரும் மாணவர் மாதிரிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் இ9 அமைப்பிலேயே இருக்கிறது. எதையும் மிதிக்காமல் மீட்டினால் இ (E) மேஜர் கார்டு (சுரக்கூட்டு) ஒலிக்கிறது. ஏ (A), பி (B) எனப்படும் பெடல்களை (இவை பெடல்களின் பெயர்கள், சுரங்கள் அல்ல) சேர்த்து மிதித்தால் பி தந்திகள் சி ஷார்ப்புக்கும் ஜி ஷார்ப் தந்திகள் ஏ சுரத்துக்கும் உயர்ந்து, எஃகு உருளையை நகர்த்தாமலே ஏ மேஜர் கிடைக்கிறது. ஏ பெடலோடு, இ தந்திகளை எஃப் சுரத்துக்கு உயர்த்தும் லிவரையும் சேர்த்தால் சி ஷார்ப் மேஜர். ஆக, அதே இ மேஜர் கார்டு திறந்த நிலையிலும், ஏ பெடலோடும் அந்த லிவரோடும் மூன்றாம் பிரெட்டிலும் (பிரெட் என்பது கழுத்தில் அரைச்சுர இடைவெளியைக் குறிக்கும் கோடு), ஏ, பி பெடல்களோடு ஏழாம் பிரெட்டிலும் கைக்கு வந்துவிடுகிறது. இந்த மூன்று இடங்களுக்கிடையே வழுக்கிச் செல்வதுதான் அமெரிக்கக் கன்ட்ரி இசையின் நாஷ்வில் பாணிக்கு உயிர்நாடி. இதற்கு அந்த லிவர் வேண்டும். இ தந்திகளை அரைச்சுரம் தாழ்த்தும் மற்றொரு லிவரும் ஏறக்குறைய அதே அளவு வேண்டும். ஒரே லிவர் உள்ள கருவியில் இரண்டில் ஒன்றைக் கைவிட நேரிடும்.

இ9 அமைப்பின் முதல் இரண்டு தந்திகள் புதியவரைத் திகைக்க வைக்கும். எஃப் ஷார்ப், டி ஷார்ப் என அமைந்த இவை, உச்ச சுரமான ஜி ஷார்ப் ஒலிக்கும் மூன்றாம் தந்தியைவிடத் தாழ்ந்தவை. 1960களின் தொடக்கத்தில் பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ் சேர்த்த இந்தத் தந்திகளால், உருளையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே இடைச்சுரங்களைத் தொட்டு ஓட முடிகிறது. வரிசை குலைந்தது போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சி6 கழுத்தின் உலகம் வேறு. டெக்சஸ் பகுதியின் வெஸ்டர்ன் ஸ்விங், ஜாஸ் ஆகியவற்றுக்கு உரிய அடர்ந்த கார்டுகளும் ஆழ்ந்த கீழ்ச்சுரங்களும் அதில்தான் இயல்பாக அமைகின்றன. அந்த இசையின் மீது உண்மையான ஈடுபாடு இருந்தால் டி-10 வாங்குவது நியாயமே. இல்லையெனில், பெட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ எடையை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சுமந்துகொண்டு, சி6 அமைந்த பின்கழுத்தைக் கை ஊன்ற மட்டுமே பயன்படுத்தும் நிலைதான் ஏற்படும்.

மூன்றில் மிக நேர்த்தியான சிந்தனை யுனிவர்சல்தான். இ தந்திகளைத் தாழ்த்தும் லிவரை அழுத்திப் பிடித்தால் கருவியின் கடைசி ஆறு தந்திகள் எஃப் ஷார்ப், டி ஷார்ப், பி, ஜி ஷார்ப், இ, பி என நின்று, சி6 அமைப்பின் கீழ்ப்பகுதியை அரைச்சுரம் தாழ்வாக அப்படியே தருகின்றன. ஆனால் இந்த அரைச்சுரம் தாழ்ந்த அமைப்பை, அதாவது பி6ஐ, வாசிக்கும்போதெல்லாம் ஒரு முழங்கால் அந்த லிவரிலேயே சிக்கிக்கொள்கிறது. அதைப் பூட்டி நிறுத்தும் வசதி எல்லாக் கருவிகளிலும் இருப்பதில்லை. இ9இன் ஒன்பதாம் தந்தியான டி சுரமும் தனித் தந்தியாக இல்லை, ஒரு லிவரால் பெற வேண்டும். பாடங்களில் மிகப் பல 10 தந்தி இ9 கணக்கிலேயே அமைந்திருப்பதால், தொடக்கநிலையாளருக்கு இது தேவையற்ற இடறல். இ9 நன்கு கைவந்தவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

பெடல்களின் வரிசையிலும் ஒரு தெரிவு உண்டு. எம்மன்ஸ் அமைப்பில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. மற்றொரு கலைஞரான ஜிம்மி டேயின் பெயரால் வழங்கும் அமைப்பில் இது தலைகீழ். டே அமைப்பே கணுக்காலுக்கு இதமானது என்போர் உண்டு. இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

பழைய கருவி வாங்குவோர் நான்காம் தந்தியை மீட்டி, சுருதிமானியைப் பார்த்தபடி ஏ, பி பெடல்களை ஒன்றாக மிதிக்க வேண்டும். அந்தப் பெடல்களுக்கும் இந்தத் தந்திக்கும் தொடர்பில்லை. ஆயினும் இழுவிசையால் கருவியின் உடல் சற்றே வளைவதால் சுருதி மிகச் சிறிதளவு இறங்குவது இயல்பு. காதுக்கே தெரியும் அளவுக்கு இறங்கினால் அந்தக் கருவி வேண்டாம்.