வட மாசிடோனியா: ஊதிய மானியமா, இளைஞர் உத்தரவாதமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பாளர் நாடாக 2005 டிசம்பரிலேயே ஏற்கப்பட்ட வட மாசிடோனியா, முதலில் 'மாசிடோனியா' என்ற பெயரைக் கிரேக்கம் எதிர்த்ததால் எழுந்த பெயர்ச் சிக்கலாலும் அது 2018 பிரெஸ்பா உடன்பாட்டால் தீர்ந்தபின் பல்கேரியாவின் மறுப்பாலும் தடைபட்டு, சேர்க்கைப் பேச்சுவார்த்தையை 2022 ஜூலையில்தான் தொடங்க முடிந்தது. காத்திருந்த அந்த ஆண்டுகளில், 2005-இல் 37 விழுக்காடாக இருந்த வேலையின்மையைக் குறைக்க அந்நாடு ஏறக்குறைய எல்லா வழிகளையும் முயன்றுவிட்டது. கொள்கை வகுப்பு ஒன்றில் மாணவர்களுக்கு முன்மாதிரியாக வைக்க அவற்றுள் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஊதிய மானியம், சுயதொழில் மானியம், இளைஞர் உத்தரவாதம் ஆகிய மூன்றில் கடைசியையே எடுத்தேன். இந்த நாட்டை நான் அறிந்தது அறிக்கைகளின் வழியாகவே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது முறை.

சுயதொழில் மானியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் 2007-இல் தொடங்கிய இத்திட்டத்தில், பதிவு செய்த வேலையற்றவர் பயிற்சி பெற்று, தொழில்திட்டம் ஒன்றை எழுதிக் காட்டி, சிறு தொகையோ கருவிகளோ பெற்றுக் கடை திறக்கிறார். ஏற்கனவே கைத்தொழில் தெரிந்தவருக்கும், பதிவின்றி நடத்திவந்த தொழிலைச் சட்டப்படி பதிவு செய்ய நினைப்பவருக்கும் இது நன்றாகவே பயன்படும். பள்ளியை முடித்த கையோடு வேலை தேடும் பத்தொன்பது வயதுக்காரருக்கு இதைத் தீர்வாகச் சொல்வது கடினம்.

ஊதிய மானியம்தான் உண்மையான போட்டியாளர். மொத்த ஊதியத்தில் ஏறத்தாழ 28 விழுக்காடு ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மைக் காப்பீடு என்று பங்களிப்பாகச் சென்றுவிடும் நாட்டில், புதிதாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு அந்தச் சுமையை அரசே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் ஆள் எடுப்பு உயரும் என்பதில் ஐயமில்லை. 2015-இல் வந்த 'மாசிடோனியா வேலை தருகிறது' திட்டம் இந்த எண்ணத்தில் எழுந்ததே. இதை நடத்த அலுவலகப் பணி குறைவு, பலனும் விரைவில் தெரியும், அமைச்சர் மேடையில் சொல்ல ஓர் எண்ணும் கிடைத்துவிடும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் பெருந்தொற்றால் தொழில்கள் முடங்கியபோது ஒரு தொழிலாளிக்கு மாதம் 14,500 தெனார், அதாவது அன்றைய குறைந்தபட்ச ஊதிய அளவு, அரசே கொடுத்தது. அந்த நேரத்தில் வேறெந்த வழியும் அவ்வளவு விரைவாக வேலையைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் சாதாரண காலத்தில், எப்படியும் எடுத்திருக்கப்போகும் ஆளுக்கே முதலாளி மானியம் வாங்குவதும், மானியம் உள்ள புதியவரை எடுக்க மானியம் இல்லாதவரைத் தள்ளுவதும் இவ்வகைத் திட்டங்கள் எங்கும் சந்திக்கும் கோளாறுகள்.

இளைஞர் உத்தரவாதம் இதற்கு எதிர்த்திசையிலிருந்து தொடங்குகிறது. 29 வயது வரையிலான ஒருவர் வேலையற்றவராகப் பதிவு செய்த நான்கு மாதத்திற்குள் வேலையோ, மேற்படிப்போ, பயிற்சியோ ஏதேனும் ஒரு வாய்ப்பை அரசு அவர்முன் வைக்க வேண்டும். வட ஐரோப்பிய நாடுகளில் பிறந்த இந்த ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் 2013 ஏப்ரலில் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. உறுப்பினராகாமலே அதை மேற்கு பால்கனில் முதலில் கையிலெடுத்தது வட மாசிடோனியா. 2018-இல் ஸ்கோப்யே, கோஸ்திவார், ஸ்த்ரூமிட்சா ஆகிய மூன்று இடங்களில் சோதனையாகவும், அடுத்த ஆண்டு நாடு முழுவதற்குமாகவும் அது நடைமுறைக்கு வந்தது. மற்ற மேற்கு பால்கன் நாடுகள் இதே பாதையில் செல்வதாக ஒப்புக்கொண்டது 2021-இல்தான்.

என் தேர்வை முடிவு செய்தது பலன் விகிதமன்று, பராமரிப்பு. பணம் வருவது நின்றபின் எது மிஞ்சும் என்ற கேள்வியை மூன்றின் மீதும் போட்டுப் பாருங்கள். ஊதிய மானியம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி. அது வெட்டப்பட்டதும் மிஞ்சுவது ஏற்கனவே வேலையில் அமர்ந்தவர்கள் மட்டும், அவர்களிலும் முதலாளி அவர்களை வேலையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயக் காலம் முடிந்ததும் சிலர் வெளியேறுவர். உத்தரவாதத்தின் பெரும்பகுதிச் செலவோ ஆட்களுக்கானது: பதிவு செய்ய வந்தவரை அமர்த்திப் பேசி, அவர் எளிதில் வேலை பெறக்கூடியவரா நீண்ட துணை தேவைப்படுபவரா என்று தரம் பிரித்து, தனித்திட்டம் எழுதித் தரும் ஆலோசகர்கள், உள்ளூர்த் தொழிற்சாலைகளுடன் தொடர்பு வைத்திருப்பவர்கள், அலுவலகத்திற்கே வராத இளைஞரைத் தேடிப் போகும் களப்பணியாளர்கள். ஸ்கோப்யேவில் ரோமா இன மக்கள் பெரும்பான்மையாக வாழும் சூத்தோ ஒரிசாரி போன்ற பகுதியில், முதலாளிக்குக் கொடுக்கும் மானியம் யாரையும் தேடிச் சென்று கதவைத் தட்டாது. பெண்களில் பலர் வேலை தேடுவோர் கணக்கிலேயே வராத போலோக் வட்டாரத்திலும் இதே நிலைதான். அந்த வட்டாரத்தின் கோஸ்திவாரைச் சோதனையில் சேர்த்தது சரியான முடிவு என்பது என் எண்ணம்.

இந்த ஆட்கள்தான் பராமரிக்கப்பட வேண்டிய சொத்து. சேர்வதற்குமுன் வேட்பாளர் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் முன்சேர்க்கை உதவி நிதியில் அமர்த்தப்பட்ட ஆலோசகர், திட்டக்காலம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டால் உத்தரவாதமும் அவருடனே வெளியேறிவிடும். அவர் அரசின் நிரந்தரப் பணியாளராகத் தொடர்ந்தால், நாடு ஒன்றியத்தில் சேரும் நாளில் அதன் பயன் தெரியும். ஐரோப்பிய சமூக நிதியின் 2021–2027 விதிகளின்படி, படிப்பிலும் பயிற்சியிலும் வேலையிலும் இல்லாத இளைஞர் சராசரிக்கு மேல் உள்ள உறுப்பு நாடு தன் பங்கில் குறைந்தது 12.5 விழுக்காட்டை இளைஞர் வேலைவாய்ப்புக்குச் செலவிட வேண்டும். சேர்க்கைப் பேச்சின் 19-ஆம் அத்தியாயமான சமூகக் கொள்கையும் வேலைவாய்ப்பும் சட்ட வரிகளோடு சேர்த்து இத்தகைய பணத்தைக் கையாளும் நிர்வாகத் திறனையும் கேட்கிறது. அந்தத் திறனை ஊதிய மானியம் வளர்ப்பதில்லை.

மறுதரப்பில் சொல்ல வலுவான செய்திகள் உண்டு. ஒன்றியத்தின் செலவுகளைத் தணிக்கை செய்யும் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2017-இல், உறுப்பு நாடுகளில் உத்தரவாதத்தின் முன்னேற்றம் எதிர்பார்ப்புக்குக் குறைவாகவே உள்ளது என்று எழுதியது. குரோஷியாவின் அனுபவம் இன்னும் கசப்பானது: வேலை ஒப்பந்தமே இல்லாமல் பட்டதாரிகளைப் பயிற்சியில் வைத்து, முதலில் மாதம் 1,600 குனாவும் பின்னர் 2,400 குனாவும் கொடுத்த திட்டம், தொடக்கநிலை வேலைகளையே விழுங்கிவிட்டதாக அங்கு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. நான்கு மாதக் கெடுவை நிறைவேற்றும் அவசரத்தில் தரமற்ற வாய்ப்பை நீட்டும் ஆபத்து வட மாசிடோனியாவுக்கும் உண்டு.

குடிபெயர்வு பற்றித்தான் என்னால் உறுதியாகப் பேச முடியவில்லை. 2002 கணக்கெடுப்பில் 20.2 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 2021-இல் 18.4 இலட்சமாகச் சுருங்கியது. மேற்கு பால்கன் தொழிலாளருக்கு ஜெர்மனி 2016 முதல் தனிவாயில் திறந்து வைத்திருக்கிறது. வேலையின்மை 2023-இல் சுமார் 13 விழுக்காட்டுக்கு இறங்கியதில் திட்டங்களின் பங்கு எவ்வளவு, ஊரைவிட்டுப் போனவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. பயிற்சி கொடுத்து மியூனிக்குக்கு அனுப்புகிறோமா என்று கேட்போருக்கு முழுமையான விடை என்னிடமில்லை. உள்நாட்டு ஊதியத்தை மானியம் உயர்த்தாத வரை அதுவும் யாரையும் நிறுத்தி வைக்கப் போவதில்லை என்பது மட்டும் தெளிவு.

ஆகவே ஊதிய மானியத்தை முழுவதும் கைவிடச் சொல்லமாட்டேன். அதை எல்லா இளைஞருக்கும் திறந்து விடாமல், ஆலோசகர் தரம் பிரித்து நீண்ட துணை தேவை என்று குறித்தவருக்கு மட்டும், உத்தரவாதத்தின் உள்ளேயே ஒரு கருவியாகக் கொடுக்கலாம். மீதமாகும் பணத்தில் முதலில் ஆலோசகர்களின் சம்பளத்தை நாட்டின் சொந்த வரவுசெலவுக்கு மாற்றலாம்.