மேசையில் தட்டிக் கற்பித்த உச்சரிப்பு வகுப்பு

ஒஸ்லோவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். அப்படிப்பட்ட இல்லத்தை இங்கே 'சீகெயெம்' என்பார்கள். வேலை செய்யும் இடத்தின் பெயரையே பிழையாகச் சொல்லி வந்தேன் என்பது இந்த எட்டு வார நோர்வேஜிய உச்சரிப்பு மாலை வகுப்பில்தான் தெரிந்தது. 'சீகெ', 'யெம்' இரண்டையும் ஒரே பலத்தோடு சொன்னால் 'நோயுற்ற வீடுகள்' என்று காதில் விழுமாம். முதற்பகுதி ஓங்கி, அடுத்தது தணிந்தால்தான் அது ஒரே சொல்.

ஆசிரியை மேசையில் தட்டியே கற்பித்தார். முதற்பகுதிக்கு விரல் முட்டியால் ஓங்கி ஒரு தட்டு, அடுத்ததற்கு விரல்நுனியால் மெல்ல. 'லம்மெலோர்' என்றால் ஆட்டுத்தொடை. இரண்டு தட்டும் ஓங்கி விழுந்தால் 'லம்மெ லோர்', அதாவது முடங்கிப்போன தொடைகள்! எழுத்தில் இடைவெளி விட்டாலும் அதே கதிதான். 'வேலை கொடுத்தான்', 'வேலைக் கொடுத்தான்' என்பதில் நமக்கு ஒரு 'க்' செய்வதை அவர்களுக்கு அழுத்தம் செய்கிறது. இது பிடிபட்ட அன்று வீடு வரை தட்டிக்கொண்டே போனேன்.

அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 'மயூர்ஸ்தூஎன்' மெட்ரோ நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'மயூர்' தனியாக நிற்கும்போதே அழுத்தம் 'யூர்' மேல்தான். கூட்டுச்சொல்லான பிறகும் அது இடம் மாறுவதில்லை. 'யேர்ன்பானெதோர்கெ' என்ற இன்னொரு நிலையத்தின் பெயரில் 'யேர்ன்' ஓங்கும். ரயில் அறிவிப்புகளைக் கேட்டு வருவதுதான் ஒரு வார வீட்டுப்பாடம். இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை.

அச்சடித்த பாடத்தாள்கள்தான் ஏமாற்றம். அழுத்தக்குறி ஒன்றுகூட இல்லை. பஸ் தரிப்பிடத்துக்கான 'புஸ்ஸ்தொப்' வரி முடிவில் பிழையாக உடைந்திருந்தது. 'புஸ்ஸ்', 'ஸ்தொப்' சேரும்போது மூன்று 'ஸ்' வரும். நோர்வேஜிய எழுத்தில் மூன்று ஒரே மெய் அடுத்தடுத்து நிற்காது, ஒன்று கெடும். வரி முடிவில் பிரித்தால் கெட்டது திரும்பி வரவேண்டும். பாடத்தாளில் வரவில்லை. கூட்டுச்சொல்லைப் பொருத்தில் பிரிக்கச் சொல்லித்தரும் வகுப்பு இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒலிப்பதிவுகளும் ஒஸ்லோப் பேச்சில் மட்டுமே. என் மேற்பார்வையாளர் பேர்கன் நகரத்துக்காரர். அவருடைய ராகமே வேறு.

ஆனாலும் 2,400 குரோனர் வீண்போகவில்லை. சேருகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் இருந்தால் அந்த விரல்நுனித் தட்டு கேட்காது.