பியூஸ் பாக்ஸ்ல டேஷ்கேம் கனெக்‌ஷன்: உப்புக்காத்துல ரெண்டு வருஷம்

வீடு தங்கச்சிமடம், வேலை ராம்நாட்ல. தினமும் பாம்பன் பாலம் தாண்டணும், டூரிஸ்ட் வண்டிங்க நடுப்பாலத்துல நிறுத்தி ரயில் பாலத்தை போட்டோ எடுக்குற கூத்தைப் பாத்துப் பாத்துத்தான் டேஷ்கேமே (கார் முன்கண்ணாடியில மாட்டுற வீடியோ கேமரா) வாங்கினேன்.

மொதல்ல ஒரு கடையில மாட்ட விட்டேன். அந்தாளு ஸ்டீரியோ வயரோட தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுத்திக் குடுத்துட்டாப்ல, தனி பியூஸ்னு ஒண்ணு கிடையாது. நம்மூரு வெயிலுக்கு டேப் பசை உருகி ரெண்டே மாசத்துல தொங்கிருச்சு. பிரிச்சுப் போட்டுட்டு நானே உக்காந்தேன்.

பியூஸ் டேப்னு ஒண்ணு விக்குது, ஒட்டுற டேப் இல்ல, ரெண்டு பியூஸ் சொருகுற மாதிரி இருக்கும். கீழ வண்டியோட பழைய பியூஸ், மேல கேமராவுக்கு 3 ஆம்ப்ஸ். பழைய பியூஸைப் புடுங்கி டெஸ்ட் லேம்ப் வச்சா எந்தப் பக்கம் கரண்ட் வருதுன்னு தெரியும், டேப்ல ரெண்டு பியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் போகணும். திருப்பிச் சொருகினாலும் கேமரா ஓடும், ஆனா அதோட லோடும் பழைய பியூஸ் வழியாத்தான் போகும். கேமராவுக்குக் கரண்ட் குடுக்குற வயரிங் கிட்டுல மூணு வயர்: எப்பவும் கரண்ட் வேணுங்கிற மஞ்சளை ரூஃப் லைட் பியூஸ்லயும், சாவி போட்டா மட்டும் கரண்ட் வரவேண்டிய சிவப்பை லைட்டர் பியூஸ்லயும், எர்த்துக்கான கருப்பை வண்டி பாடியில உள்ள போல்ட்லயும் குடுத்தேன். ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக்), ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) பியூஸ் பக்கம் கையே வைக்காதீங்க.

ஒன்றரை வருஷம் ஒரு தொல்லையும் இல்ல. அப்புறம் வண்டியை நிறுத்தின அஞ்சு நிமிஷத்துல பார்க்கிங் மோடு (வண்டி நிக்குறப்பவும் ரெக்கார்ட் பண்றது) கட் ஆக ஆரம்பிச்சுச்சு. பேட்டரி இதுக்குக் கீழ இறங்கினா கேமராவை அணைச்சிரணும்ங்கிற கட்-ஆஃப்பை கிட்டுல 12.2 வோல்ட்ல வச்சிருந்தேன், சரி பேட்டரி போச்சுபோலன்னு புதுசு விலையே விசாரிச்சுட்டேன், ஆனா மல்டிமீட்டர்ல பேட்டரி 12.6 காட்டுது! கடைசியில கருப்பு வயர் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல வச்சுப் பாத்தா 1.3 வோல்ட். அங்க கிட்டத்தட்ட சைபர்தான் இருக்கணும். கிட்டு மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவுல உள்ள வோல்டேஜைத்தான் பாக்குது, எர்த் கெட்டா அதுக்கு 11.3தான் தெரியும், பேட்டரி இறங்கிருச்சுன்னு நெனச்சு அணைச்சிரும்.

கிக் பேனலை (கால் வைக்கிற இடத்துப் பக்கவாட்டு மூடி) கழட்டிப் பாத்தா எர்த் போல்ட்ல பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கெடக்கு, ரிங் டெர்மினல் கையோட பொடியா உதிருது. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஜன்னலைத் தொறந்து வச்சு ஓட்டினதுக்குக் கூலி. உப்பு பண்ணுன வேலையை உப்புத்தாள் வச்சே தேச்சு எடுத்தேன், புது டெர்மினல் கிரிம்ப் பண்ணி, இறுக்கின பொறவு மேல வாசலின் தடவினேன். இப்ப 0.02 வோல்ட்தான், ராத்திரி பூரா ஓடுது. என் கேமரா 0.25 ஆம்ப்ஸ் எடுக்குது, 12 மணி நேரத்துக்கு 3 ஆம்பியர் ஹவர், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அது தாங்கும்.

போன வாரம் மச்சான் வண்டிக்கும் போட்டுக் குடுத்தேன். அதுல பியூஸ் கால் குட்டையான சைஸ், நான் வாங்கிட்டுப் போன டேப் உக்காரவே இல்ல. நீங்க கடைக்குப் போறப்ப உங்க பியூஸ் ஒண்ணைப் புடுங்கிட்டே போயிருங்க.