காரைக்குடியில் டெண்டர் போட்டுத் தரும் கடை

எங்கப்பா பட்டாளத்தில் இடது காலை இழந்தவர். இப்போது சீட் கவர் தைக்கிறார். ரயில்வே டெண்டருக்காகச் செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப் போனேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணமே கிடையாது. முன்பு வேறொரு இடத்தில் அதற்கே 1,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். இங்கே இருக்கும் அக்கா முதலில் அப்பாவுக்கு நாற்காலி போட்டார். பிறகு டெண்டர் தாளை வரிவரியாக வாசித்துக் காட்டினார். "ஐயா, உத்யம் பதிவு இருக்கில்ல, டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம்" என்றதும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

2018இல் திருத்திய 2012 கொள்முதல் ஆணைப்படி மத்திய அரசு வாங்குவதில் 25% குறு, சிறு நிறுவனங்களுக்கு. அதற்குள் பெண்களுக்கு 3%. படைவீரருக்கென்று தனிப் பங்கு இல்லையே என்று மனசு ஆறவில்லை. கலிபோர்னியாவில் மாநில அரசு ஒப்பந்தங்களில் ஊனமுற்ற படைவீரர் தொழில்களுக்கு 3% இலக்கே வைத்திருக்கிறார்கள்.

ஸ்கேன் மட்டும் மங்கல், இரண்டு தடவை எடுத்தோம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடை பூட்டியிருக்கும்.