பர்மா தேக்கா, பழைய காஞ்சிப் பட்டா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருபவர்களில் பலர் மரச்சாமான் தேடித்தான் வருகிறார்கள். நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு அது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தத் தொழில் சிதைந்தது. பிற்பாடு, பராமரிக்க ஆளில்லாத பெரிய வீடுகள் பிரிக்கப்பட்டன. நிலை, கதவு, தூண், பெட்டகம் எல்லாம் கடைத்தெருவுக்கு வந்து, வாங்க ஆளும் கிடைத்தது. பழைய பட்டுச்சேலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சரிகையிலிருக்கும் வெள்ளிக்காக அதை எரித்துவிடுகிறார்கள். பழசைச் சேர்க்கும் ஆசையும் அளவான பணமும் உள்ளவர் எதை முதலில் வாங்குவது என்று யோசிக்கும்போது, இந்த வேறுபாட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

புழங்குவதற்கு என்றால் தேக்குதான், சந்தேகமே இல்லை. வைரம் பாய்ந்த தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது. மரத்தின் வெளிப்புறத்து வெளிறுப் பகுதிக்கு அந்தப் பலம் கிடையாது என்பதால் கால்களின் அடிப்பக்கத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆணியில்லாமல் துளையும் கழுந்துமாகப் பூட்டிய அலமாரியைக் கழற்றி, ஆட்டம் கண்ட இடத்தை மட்டும் ஆசாரி சரிசெய்து திரும்பப் பூட்டிவிடலாம். பிரம்பு அறுந்த நாற்காலிக்குப் புதுப் பின்னல் போட்டால் அதன் மதிப்பு குறைவதில்லை. நீராவியில் வளைத்த பீச் மரத்தில் வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859இல் கொண்டுவந்த நாற்காலியின் வழிவந்தவை இங்கேயும் கிடைக்கும். அவற்றின் இருக்கைக்கு அடியில் தயாரிப்பாளர் சீட்டு ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டிவிடாதீர்கள்.

மரச்சாமானில் பெரிய ஆபத்து போலி. பழைய கதவை அறுத்து, போன மாதம் செய்த மேசையையும் ‘பழசு’ என்றே விற்பார்கள். மரம் பழசுதான், மேசை புதுசு. இழுப்பறையை வெளியே இழுத்து அதன் முதுகைப் பாருங்கள். காரணமே இல்லாத இடத்தில் கீல் பள்ளமோ அடைத்த துளையோ இருந்தால் அந்தப் பலகைக்கு வேறொரு பிறவி இருந்திருக்கிறது. வாங்கிய பின் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இன்னொரு கேடு. தலைமுறைகள் கைபட்டு ஏறிய நிறம் ஒரே மதியத்தில் போய்விடும்.

பட்டின் கதை வேறு. பழைய காஞ்சிச் சேலையைப் புரட்டி, உடலும் கரையும் சேருமிடத்தைப் பார்த்தால், இரண்டையும் நெசவிலேயே கோத்த கோர்வை தெரியும். மூன்று நாடாக்கள் ஓட்டி, பக்கத்தில் உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நெய்தது அது. முந்தியை வேறு நிறத்தில் இணைக்கும் இடம் பிட்னி. அங்கே விரலால் தடவினால் இலேசான மேடு தட்டுப்படும். சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிவது நல்ல அடையாளம். இத்தனை வேலையும் பழைய பட்டு எடுப்பவருக்குக் கணக்கில்லை. வெள்ளி எவ்வளவு தேறும் என்பதற்குத்தான் அவர் விலை சொல்கிறார். நெய்தவரின் கைக்கு அங்கே ஒரு பைசா கிடையாது.

அதனால்தான் நான் பட்டின் பக்கம் நிற்கிறேன். தேக்கு அலமாரியை நீங்கள் வாங்காவிட்டால் அடுத்தவர் வாங்குவார். எரியப்போகும் சேலைக்கு வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கொடுப்பவர் இல்லையென்றால், அந்தக் கரை வடிவம் திரும்பி வராது. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி நெசவுக்கூடம் அமைத்துப் பழைய கரைகளையும் நிறச்சேர்க்கைகளையும் மீண்டும் தறியில் ஏற்ற முடிந்ததற்கு, பார்த்து நெய்யப் பழைய சேலைகள் எஞ்சியிருந்தது ஒரு காரணம்.

பட்டு கேட்கும் கவனிப்பு அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இழை விடும். அவ்வப்போது மடிப்பை மாற்ற வேண்டும். வெயிலும் ஈரமும் ஆகாது. பாச்சை உருண்டை சரிகையில் படக்கூடாது. மல் துணியில் சுற்றி வைப்பது நல்லது. ரொம்பப் பழையதை உடுத்தும் ஆசையைக்கூட விட்டுவிட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நூறு ஆண்டு கடந்த கலைப்பொருட்களையும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த அத்தகைய பொருட்களையும் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. கஜலட்சுமி செதுக்கிய நிலையைப் பார்த்து முன்பணம் கொடுக்கும் முன் அதன் வயதைக் கேளுங்கள்.

முதல் சேலை எடுப்பவர் முழுசாக இருப்பதையே தேடித் திரிய வேண்டாம். உடல் கிழிந்து கரையும் முந்தியும் பிழைத்திருந்தால் போதும், எடுக்கலாம். அதை வெட்டிக் குஷன் உறை தைக்காமல், யார் உடுத்தியது, எந்தக் கல்யாணத்துக்கு எங்கே எடுத்தது என்று கொடுத்தவரிடமே கேட்டு எழுதி, சேலையோடு சேர்த்து வையுங்கள்.