பீருமேட்டு மழைக்கு டிஷ்ஷா, கேபிளா?

கேரளத்தின் இடுக்கி மலையிலுள்ள வண்டிப்பெரியாறு, பீருமேடு பகுதித் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) புதிதாக டிவி வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் அடுத்து கேட்கும் கேள்வி, டிஷ் வைப்பதா, கேபிள் இழுப்பதா என்பதுதான். விற்பவர்கள் சேனல் எண்ணிக்கையையும் மாதக் கட்டணத்தையும் சொல்கிறார்கள். மலையில் இருக்கும் நாம் அதற்கு முன்பே, அலை நம் வீட்டுக்கு எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கூரை ஆன்டெனாவின் காலம் முடிந்துவிட்டது. கொடைக்கானல் நிலையத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பி வைத்தாலும், மேட்டு லயத்தில் தெரிந்த படம் பள்ளத்து லயத்தில் தெரியாது. அந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், இடையில் நிற்கும் மலை அதை மறித்துவிடும். தூர்தர்ஷனும் 2022-க்குள் தன் அனலாக் நிலையங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது.

டிஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் செயற்கைக்கோளிலிருந்து அலை இறங்குகிறது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பயன்படுத்தும் 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலுள்ள செயற்கைக்கோள், நம் பகுதியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 67 பாகை உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வருவதை எதிர்மலை மறைக்காது. பக்கத்துச் சில்வர் ஓக் மரம்தான் மறைக்கும்.

ஆனால் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. வீட்டு டிஷ் வாங்கும் கேயூ பேண்ட் என்ற அலைவரிசையில் வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. பழைய அனலாக் படம் புள்ளி புள்ளியாகவாவது தெரிந்துகொண்டிருக்கும். டிஜிட்டல் படமோ ஓர் அளவு வரை பளிச்சென்று நின்று, பிறகு கட்டம் கட்டமாக உடைந்து, ‘சிக்னல் இல்லை’ என்ற வரியோடு மறைந்துவிடுகிறது. அதே நேரத்தில் கடைத்தெருவில் கேபிள் வைத்திருப்பவர் வீட்டில் அதே நிகழ்ச்சி தடையின்றி ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேபிள் நிலையத்தின் பெரிய டிஷ்கள் வாங்கும் சி பேண்ட் அலையின் நீளம் ஏழரை சென்டிமீட்டர் அளவு என்பதால், மழை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

கேபிளின் பலவீனம் வழியிலேதான் இருக்கிறது. செம்புக் கம்பியுள்ள சாதாரண வீட்டு கேபிளில், உயர்ந்த அதிர்வெண்களில் 100 மீட்டருக்குள் சுமார் 20 டெசிபல் குறைந்துபோகும்; அதாவது நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே வழியெங்கும் அலையைப் பெருக்கும் பூஸ்டர் வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும், அவற்றில் ஒன்றுக்கு மின்சாரம் போனாலும் அதற்கப்பாலுள்ள வீடுகள் அத்தனைக்கும் படம் போய்விடும். மரக்கிளை விழுந்து கம்பி அறுந்து எங்கள் லயம் பல நாள் காத்திருந்த மழைக்காலமும் உண்டு. கண்ணாடி இழை வழியே ஒளியாக அனுப்பும் ஃபைபரில் கிலோமீட்டருக்கே கால் டெசிபல் அளவுதான் குறையும் என்பதால், அது வந்து சேர்ந்த தெருவில் நான் தயங்காமல் அதையே எடுக்கச் சொல்வேன்.

கடைத்தெருவை ஒட்டிய வீட்டுக்குக் கேபிள், தள்ளியிருக்கும் லயத்துக்கு டிஷ் என்பது என் முடிவு. மாதக் கட்டணமில்லாத ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் கிடைக்கும். தனியார் தமிழ் சேனல்கள் பலவற்றை விரும்புவோர் கட்டண டிஷ்ஷுக்குத்தான் போக வேண்டும். எதுவானாலும் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதிலாக 90 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் அலை வாங்கும் பரப்பு 2.25 மடங்காகி, நடுத்தர மழையைத் தாங்கும் தெம்பு வரும். மே மாதத்திலேயே டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவியில் செருகியிருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பியில் பச்சை பூத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, மழைநீர் வழிந்து சொட்டும்படி கேபிளைக் கீழ்நோக்கி ஒருமுறை வளைத்துக் கட்டிவிடுங்கள்.